ஹாலே நகரின் லிண்டன் முற்றம்

ஐரோப்பாவைக் காணச் செல்லும் நம் நாட்டவர் இலண்டன், பாரிஸ், ரோம் என்னும் பெருநகரங்களையே முதலில் எண்ணுகின்றனர். ஜெர்மனிக்குச் சென்றால் பெர்லினைக் கண்டு திரும்புகின்றனர். ஹாலே என்னும் ஊரின் பெயரைக் கூறினால், அஃது எங்கே உள்ளது என்று வினவுவோரே பலர். ஆயினும், தமிழ் படிக்கும் மாணவர் ஒருவர் ஜெர்மனியில் ஓர் இடத்தை மட்டுமே காண இயலும் என்றால், நான் அவரை இந்த ஹாலே நகருக்கே அனுப்புவேன். அங்கும் நகர் முழுவதையும் சுற்றிவரச் சொல்ல மாட்டேன். சந்தைச் சதுக்கத்தில் தொடங்கி, ஏறத்தாழ அரை மைல் தெற்கே நடந்து, லிண்டன் முற்றம் எனப்படும் அமைதியான ஒரு மூலையில் முடியும் சிறு நடை ஒன்றே போதும் என்பேன். அந்த வழியே இன்று உங்களையும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

ஹாலே, பெர்லினுக்குத் தென்மேற்கே, சாலே என்னும் ஆற்றின் கரையில் அமைந்த நகர். நிலத்தடியிலிருந்து ஊறிவரும் உப்புநீரைக் காய்ச்சி உப்பெடுத்தலே நெடுங்காலம் இவ்வூரின் தொழிலாக இருந்தது. உப்பு விற்ற பொருளால் வளர்ந்த ஊர் இது. சந்தைச் சதுக்கத்துக்கு மேற்கே, சற்றுத் தாழ்ந்த நிலத்தில், அந்த உப்புக் கிணறுகள் இருந்தன.

சதுக்கத்தின் நடுவில் நின்று நிமிர்ந்து நோக்கினால் ஐந்து கோபுரங்கள் தெரியும். இவையே ஹாலே நகரின் அடையாளம். இவற்றுள் நான்கு கோபுரங்கள் சந்தைத் தேவாலயத்துக்கு உரியவை. ஒரு தேவாலயத்துக்கு நான்கு கோபுரங்கள் ஏன்? முன்பு அவ்விடத்தில் அடுத்தடுத்து இரண்டு தேவாலயங்கள் இருந்தன. 16-ஆம் நூற்றாண்டில் அவற்றின் உடற்பகுதிகளை இடித்த நகரத்தார், கோபுரங்களை இடியாமல் நிறுத்திக்கொண்டு, அவற்றுக்கு இடையே புதிய கூடம் ஒன்றை எழுப்பினர். ஐந்தாவது, தேவாலயத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் செங்கோபுரம். 1945-ஆம் ஆண்டில் போரின் இறுதி நாட்களில் அதன் உச்சி எரிந்து போயிற்று. 1970-களில் அதனை மீண்டும் அமைத்தனர். கோபுரங்களின் அடியில் இசைமேதை ஹாண்டெலின் சிலை நிற்கிறது. அவர் 1685-ஆம் ஆண்டில் இந்நகரில் பிறந்தவர். இந்தத் தேவாலயத்தின் இசைவாணரிடமே இளமையில் இசை பயின்றவர். எதை இடிப்பது, எதை வைத்துக்கொள்வது என்னும் கேள்வி இவ்வூரில் பலமுறை எழுந்த கேள்வி. நம் நடை முழுவதும் அந்தக் கேள்வி நம்மோடு வரப்போகிறது.

சதுக்கத்தை விட்டுத் தெற்கே திரும்பினால், சிறிய தெரு ஒன்று பழைய சந்தை என்னும் இடத்துக்குக் கொண்டு சேர்க்கும். அங்கே கழுதையும் அதன் பக்கத்தில் ஒரு சிறுவனுமாக அமைந்த நீரூற்று உள்ளது. அதனைக் கடந்து ரானிஷெத் தெருவில் நடக்க வேண்டும். இருபுறமும் பழைய வீடுகள். நடுவே டிராம் வண்டிகள் செல்லும் இருப்புப் பாதை. தெருவின் முடிவில் நகரின் பழைய எல்லை வந்துவிடுகிறது.

அழகிய காட்சி ஒன்றை எதிர்பார்த்து அங்கே செல்வோர் ஏமாற்றம் அடைதல் கூடும். கண்ணுக்கு முதலில் தெரிவது தூண்களின்மேல் செல்லும் கற்காரைச் சாலை. 1964-ஆம் ஆண்டில், கிழக்கு ஜெர்மன் அரசு, இரசாயனத் தொழிற்சாலைகளில் வேலை செய்வோருக்கென ஆற்றுக்கு அப்பால் ஹாலே-நாய்ஸ்டட் என்னும் புதுநகருக்கு அடிக்கல் நாட்டியது. அந்தப் புதுநகரைப் பழைய நகரோடு இணைப்பதற்காக 1960-களின் பிற்பகுதியில் இந்த மேம்பாலச் சாலையை எழுப்பத் தொடங்கினர். அது பழைய நகருக்கும் நாம் காண வந்த இடத்துக்கும் நடுவே செல்கிறது. அதன் நிழலில், டிராம் நிறுத்தத்தைக் கடந்து, மறுபுறம் சென்றால் பிராங்கே சதுக்கம். எதிரே அகன்ற படிக்கட்டுகளோடு நிமிர்ந்து நிற்கும் மூன்று மாடிக் கட்டடமே, பிராங்கே நிறுவிய அநாதை இல்லத்தின் தலைமாளிகை. அதன் முகட்டு முக்கோணத்தில், கதிரவனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகளின் உருவங்கள் உள்ளன. படிகளில் ஏறி, வாயிலைக் கடந்து, பின்புறம் இறங்கினால், சாலையின் இரைச்சல் மெல்ல மெல்லக் குறைகிறது. நீண்ட முற்றமும், லிண்டன் மரங்களும், இருமருங்கிலும் உயர்ந்த வீடுகளும் கண்முன் விரிகின்றன. இதுவே லிண்டன் முற்றம்.

இவ்வளவு பெரிய கட்டடத் தொகுதி எப்படித் தோன்றியது? 1692-ஆம் ஆண்டில் அவுகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்னும் இளம் போதகர் இவ்விடத்துக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் இது ஹாலே நகரின் பகுதியன்று. நகரின் வாயிலுக்கு வெளியே கிளவுகா என்னும் தனிச் சிற்றூர். மதுக்கடைகள் மலிந்து, வறுமை மிகுந்து கிடந்த ஊர். பிராங்கே அவ்வூர்த் தேவாலயத்தின் போதகராகவும், ஹாலேயில் புதிதாகத் தோன்றிய பல்கலைக்கழகத்தின் பேராசிரியராகவும் இருந்தார். 1695-ஆம் ஆண்டில், அவர் தம் வீட்டில் வைத்திருந்த ஏழைகளுக்கான உண்டியலில் யாரோ ஒருவர் 4 தாலரும் 16 குரோஷனும் இட்டுச் சென்றனர். அந்தச் சிறு தொகையை முதலாகக் கொண்டு அவர் ஏழைச் சிறுவர்களுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். 1698-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1727-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் இங்கே பயின்று வந்தனர். பெண்பிள்ளைகளுக்கும் இங்கே பள்ளி இருந்தது.

நன்கொடை மட்டுமே இத்தனை பேருக்கும் சோறிட்டுவிடவில்லை. பிராங்கே தொழில் நுட்பமும் வணிக நுட்பமும் தெரிந்தவர். இங்கே மருந்துக்கடை இருந்தது. மருந்துகள் தொலைதூர நாடுகளுக்கும் அனுப்பப்பெற்றன. அச்சுக்கூடமும் புத்தகக்கடையும் இருந்தன. மாணவர்களே இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பலகையில் அவர் அமர்த்தவில்லை. ஏழைகளுக்கு ஜெர்மன் மொழிப் பள்ளி. நகரத்து நடுத்தரக் குடும்பத்தாருக்கு இலத்தீன் பள்ளி. செல்வர், பிரபுக்கள் பிள்ளைகளுக்கு முற்றத்தின் மேல்கோடியில் தனியாக ஒரு பள்ளி. அந்த மேல்கோடிக் கட்டடத்தின் முன்னே, இரண்டு குழந்தைகளோடு நிற்கும் பிராங்கேயின் உருவச்சிலையைக் காணலாம். கிறிஸ்டியன் டானியேல் ரௌஹ் என்னும் புகழ்பெற்ற சிற்பி வடித்த இச்சிலை 1829-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது.

முற்றத்தின் ஓரத்தில் மெதுவாக நடந்து செல்லும்போது, ஒரு வீடு முடிவில்லாமல் நீண்டுகொண்டே போவதைக் காண்பீர்கள். 1713 முதல் 1716 வரை கட்டப்பெற்ற நெடுமாளிகை அது. மரச்சட்டங்களை முதலில் நிறுத்தி, இடைவெளிகளை மண்ணாலும் கல்லாலும் அடைத்துக் கட்டும் முறையில் எழுந்தது. ஏறத்தாழ 110 மீட்டர் நீளமும் ஆறு அடுக்குகளும் உடையது. இம்முறையில் கட்டிய வீடுகளுள் ஐரோப்பாவிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இதனை எண்ணுகின்றனர். மாணவரும் ஆசிரியரும் தங்குவதற்காக எழுந்த வீடு இது. நான் சென்ற நாளில் இதன் சாளரங்களுக்குக் கீழே பள்ளிச் சிறுவர் சிலர் பந்து விளையாடிக்கொண்டிருந்தனர். இம்முற்றம் அமைதியானது என்றேனே தவிர, ஆளற்றது என்று கூறவில்லை. இன்றும் இங்கே பள்ளிகளும் பல்கலைக்கழகத்தின் துறைகளும் இயங்கி வருகின்றன.

அச்சுக்கூடத்தைப் பற்றி இன்னும் சிறிது கூறுதல் வேண்டும். தமிழுக்கும் இம்முற்றத்துக்கும் உள்ள தொடர்பு அங்கேதான் தொடங்குகிறது. 1710-ஆம் ஆண்டில் கான்ஸ்டைன் என்னும் பிரபுவின் முயற்சியால் இங்கே விவிலியத்தை மலிவு விலையில் அச்சிடும் நிலையம் தோன்றியது. அக்கால அச்சுத் தொழிலில் ஒரு தாளுக்கு உரிய எழுத்துகளைக் கோத்து, அச்சிட்டு முடித்தவுடன், அவற்றைக் கலைத்து அடுத்த தாளுக்குப் பயன்படுத்துவர். மறுபதிப்பு வேண்டுமெனில் மீண்டும் முதலிலிருந்து கோக்க வேண்டும். ஹாலேயில் அப்படிக் கலைக்காமல், நூல் முழுவதற்கும் உரிய எழுத்துகளைக் கோத்தபடியே நிறுத்தி வைத்தனர். ஈய எழுத்துக்கு முதற்செலவு மிகுதி. ஆனால் அதன் பின்னர் வேண்டும்போதெல்லாம் கோப்புக்கூலி இன்றி அச்சிடலாம். ஆகவே நூலின் விலை குறைந்தது. எழுத்தை வார்ப்பதிலும் கோப்பதிலும் இத்தகைய தேர்ச்சி பெற்றிருந்த ஊர் ஹாலே.

இதே காலத்தில், கடலுக்கு அப்பால், சோழநாட்டுக் கடற்கரையிலுள்ள தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் வணிகக் குடியிருப்பாக இருந்தது. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக்கு அங்கே சமயப் பணிக்கு இருவரை அனுப்பினார். 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர்கள் வந்து இறங்கினர். ஒருவர் புளுட்சோ, மற்றவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. சீகன்பால்கு முன்பு ஹாலேயில் சிறிது காலம் பயின்றவர். அவர்களுக்கு வேண்டிய ஆட்களும் நூல்களும் பொருளும் பெரும்பாலும் ஹாலேயிலிருந்தே சென்றன. அவர்கள் எழுதிய கடிதங்கள் ஹாலேக்கு வந்து, 1710-ஆம் ஆண்டு முதல் தொடர்ச்சியாக நூல் வடிவில் இங்கேயே அச்சாயின. காவிரிக் கழிமுகத்தின் ஊர்களையும் மக்களையும் வழக்கங்களையும் ஜெர்மானியர் வீட்டில் அமர்ந்து படித்தது இம்முற்றத்திலிருந்து வெளிவந்த அவ்வெளியீடுகளின் வாயிலாகத்தான்.

சீகன்பால்கு தமிழ் கற்ற வகை நம் சிறுவர் அறியத்தக்கது. முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு தாமும் மணலில் அமர்ந்து விரலால் எழுத்தை எழுதிப் பழகினார். சில ஆண்டுகளுக்குள் சரளமாகப் பேசவும் எழுதவும் வல்லவரானார். நூல்களை அச்சிட வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது. இங்கிலாந்திலுள்ள கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் ஓர் அச்சுப் பொறியைக் கப்பலில் அனுப்பியது. அக்கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். உடன்வந்த அச்சுத் தொழிலாளர் தரங்கம்பாடியைக் காணாமலே இறந்தார். எனினும் பொறி 1712-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. ஆனால் அதனோடு வந்தவை ரோமன் எழுத்துகளே. தமிழ் எழுத்துகளுக்கு எங்கே போவது? ஹாலேக்குத்தான் எழுதினர்.

எழுத்து வார்ப்பது எளிய வேலையன்று. எஃகுத் துண்டின் நுனியில் ஓர் எழுத்தை, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய வடிவில் செதுக்க வேண்டும். அதனைச் செம்புத் துண்டில் அறைந்து குழியாக்க வேண்டும். அக்குழியில் ஈயக் கலவையை உருக்கி ஊற்றி, எழுத்தை ஒவ்வொன்றாக வார்த்து எடுக்க வேண்டும். ஜெர்மன் மொழிக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் சேர்ந்து அறுபதுக்குள் அடங்கிவிடும். தமிழிலோ, கா, கெ, கை போன்றவற்றின் குறிகளைத் தனியே பிரித்து வார்க்கலாமாயினும், கி, கீ, கு, கூ என்னும் வரிசைகளுக்கு மெய்தோறும் தனி உருவம் வேண்டும். தமிழறியாத கைவினைஞர், தரங்கம்பாடியிலிருந்து வந்த மாதிரிகளைக் கண்ணால் கண்டே, இவ்வளவையும் ஹாலேயில் செதுக்கி வார்த்தனர். 1713-ஆம் ஆண்டில் அவ்வெழுத்துகள் அச்சுத் தொழிலாளரோடு தரங்கம்பாடியை அடைந்தன. அவ்வாண்டிலேயே அங்கே தமிழ் அச்சு தொடங்கியது.

இவையே முதல் தமிழ் அச்செழுத்துகள் என்று எண்ணிவிடுதல் கூடாது. அதற்கு முன்பே, 1578-ஆம் ஆண்டில், கொல்லத்தில் அண்டிரிக்கு அடிகளாரின் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. எனினும் அந்த முயற்சி தொடர்ந்து நிலைபெறவில்லை. தரங்கம்பாடியில் தொடங்கியதோ நெடுங்காலம் நிலைத்தது. ஹாலே எழுத்துகளுக்கும் ஒரு குறை இருந்தது. அவை அளவிற் பெரியவை. ஆகவே தாளை விரைவில் தீர்த்தன. தாளோ கடல்கடந்து வரவேண்டிய அரும்பொருள். எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். 1715-ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. அப்போது சீகன்பால்கு ஐரோப்பாவுக்குச் சென்றிருந்தார். மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் அவரோடு உடன் சென்றார். 1716-ஆம் ஆண்டில், சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சாயிற்று.

இச்செய்தியை நினைவிற் கொண்டு, மீண்டும் தலைமாளிகைக்குள் நுழைந்து, படிகளில் ஏறிக் கூரையடி அறைக்குச் செல்வோம். அங்கேதான் புகழ்பெற்ற அரும்பொருட்கூடம் உள்ளது. மாணவர் கண்ணாற் கண்டு கற்க வேண்டும் என்பதற்காகப் பிராங்கே பல நாட்டுப் பொருள்களைத் திரட்டத் தொடங்கினார். 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவற்றை ஓவியம் தீட்டிய 16 பேழைகளில் வகைப்படுத்தி வைத்தனர். அந்தப் பேழைகளை இன்றும் பழைய ஒழுங்கில் காணலாம். ஒவ்வொரு பேழையின் உச்சியிலும், உள்ளே இருப்பது இன்னது என்று ஓவியமே கூறிவிடும். எழுத்தறியாத சிறுவனும் கண்டுகொள்ளலாம். சிப்பி, கனிமம், விலங்கின் எலும்பு, ஆடை, காலணி எனப் பொருள்கள் நிறைந்துள்ளன. மேலே பதப்படுத்திய முதலை ஒன்று தொங்குகிறது. தரங்கம்பாடியிலிருந்து அனுப்பப்பெற்ற பொருள்களும் இங்கே இடம் பெற்றுள்ளன. நம் வீட்டில் நாம் அன்றாடம் கையாளும் பொருள் போன்ற ஒன்றைத் தொலைநாட்டில், கண்ணாடிக்குப் பின்னே, அரும்பொருளாகக் காணும்போது உண்டாகும் உணர்ச்சி தனியானது. அது பெருமையா, கூச்சமா என்று சொல்ல இயலவில்லை. கூரையின்மேல் உள்ள மாடத்தில் நின்றால், நாம் நடந்துவந்த வழியும், மேம்பாலச் சாலையும், அதற்கு அப்பால் ஐந்து கோபுரங்களும் தெரிகின்றன.

இறுதியாக நூல்நிலையத்துக்குச் செல்வோம். 1726 முதல் 1728 வரை, நூல்களை வைப்பதற்கென்றே தனியாகக் கட்டப்பெற்ற வீடு இது. ஜெர்மனியில் இன்று எஞ்சியுள்ள இத்தகைய நூல்நிலையக் கட்டடங்களுள் மிகப் பழமையானது என்று இதனைக் கூறுவர். நாடகமேடையின் இருபுறமும் திரைகள் வரிசையாக நிற்குமே, அவ்வாறு நூலடுக்குகள் இங்கே வரிசையாக நிற்கின்றன. இந்நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில், தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களோடு, தமிழ் ஓலைச்சுவடிகளும் பாதுகாக்கப்பெற்று வருகின்றன. நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் ஓலை நெடுநாள் தாங்குவதில்லை. செல்லும் பூச்சியும் அரித்துவிடும். நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை எவரேனும் படியெடுத்தால்தான் ஒரு நூல் பிழைக்கும். குளிர்நாட்டுக்கு வந்த ஓலைகள், எழுதிய கையின் சுவடு மாறாமல், இங்கே தங்கியுள்ளன.

ஆயினும், பாதுகாத்தல் வேறு. பயன்படத் திறந்து வைத்தல் வேறு. இம்முற்றத்தின் வரலாற்றிலேயே அதற்குச் சான்று இருக்கிறது.

சீகன்பால்கு சமயத்தைப் பரப்ப வந்தவர். தமிழரின் சமயங்களை மறுத்தவர். அதில் ஐயமில்லை. ஆனால், மறுப்பதற்கு முன் அறிதல் வேண்டும் என்று எண்ணி ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்தார். 1708-ஆம் ஆண்டில், தம்மிடம் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றி ஓர் அட்டவணை எழுதினார். திருக்குறளும் அவற்றுள் ஒன்று. இம்மக்களை நாகரிகம் அற்றவர் என்று தம் நாட்டார் எண்ணுவது பொருந்தாது என்றும் எழுதினார். அதே ஆண்டில் கொன்றை வேந்தன், உலக நீதி, நீதி வெண்பா ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நாம் குழந்தைப் பருவத்தில் வாய்ப்பாடமாகக் கற்ற ஔவையின் அறநூல் 300 ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மன் மொழிக்குச் சென்றுவிட்டது! ஆனால் அதனைப் படித்தவர் யார்? அம்மொழிபெயர்ப்புகள் கையெழுத்தாகவே கிடந்தன. 1930-ஆம் ஆண்டில்தான் காலண்டு என்னும் டச்சு அறிஞர் அவற்றை ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டார். இடையில் கழிந்தவை 222 ஆண்டுகள்.

1713-ஆம் ஆண்டில் சீகன்பால்கு இன்னொரு பெரிய நூலை எழுதி முடித்தார். தென்னிந்தியத் தெய்வங்களின் மரபை, தமிழ் நூல்களையும், தமிழர் தமக்கு எழுதிய கடிதங்களையும் துணையாகக் கொண்டு விளக்கும் நூல் அது. அதனை அச்சிடுமாறு ஹாலேக்கு அனுப்பினார். பிராங்கே மறுத்துவிட்டார். அங்கே சென்றவர்களின் கடமை அந்தச் சமயத்தை அகற்றுவதே ஒழிய, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவது அன்று என்பது அவர் கருத்து. தமிழ் எழுத்தை வார்த்து அனுப்பிய அதே முற்றம், தமிழரைப் பற்றிய அந்நூலுக்குத் தன் அச்சுக்கூடத்தின் கதவை அடைத்தது. சீகன்பால்கு 1719-ஆம் ஆண்டில், முப்பத்தாறாம் வயதில், தரங்கம்பாடியில் மறைந்தார். அவர் நூல் 1867-ஆம் ஆண்டில் சென்னையில் அச்சாயிற்று. அப்பதிப்பில் பல மாற்றங்கள் புகுந்திருந்தன.

இங்கே பிராங்கேயைப் பழித்துவிட்டு நகர்ந்துவிடுதல் எளிது. ஆனால் இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். அச்சிட மறுத்தவர்கள், அந்தக் கையெழுத்தை எரித்துவிடவில்லை. தமக்கு உடன்பாடில்லாத நூலையும் தாளையும் ஓலையையும் எண்ணிட்டு, கட்டி, அடுக்கில் வைத்தனர். வைத்தவரின் கருத்து அவரோடு மறைந்தது. அவர் வைத்த பொருள் எஞ்சியது. 2003-ஆம் ஆண்டில், தானியேல் ஜெயராஜ் என்னும் ஆய்வாளர் அந்நூலின் 1713-ஆம் ஆண்டு மூலபாடத்தைப் பதிப்பித்தார். அதனை வெளியிட்டது, ஒருகால் மறுத்த இதே ஹாலே நிறுவனம்.

அந்த நாள் வருவதற்கு முன்பு இம்முற்றமே அழியும் நிலைக்கு வந்தது என்பதையும் கூறுதல் வேண்டும். 1946-ஆம் ஆண்டில் இந்நிறுவனம் தன் தனியுரிமையை இழந்து பல்கலைக்கழகத்தோடு சேர்க்கப்பெற்றது. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கூரைகள் ஒழுகின, மரச்சட்டங்கள் உளுத்தன, அரும்பொருட்கூடம் தன் ஒழுங்கை இழந்தது. முகப்பின் எதிரே மேம்பாலச் சாலை எழுந்தது. ஜெர்மனி 1990-ஆம் ஆண்டில் ஒன்றானபோது, இங்குள்ள வீடுகள் பல இடிந்து விழும் நிலையில் இருந்தன. அப்போது பவுல் ராபே என்னும் நூலக அறிஞர் முன்வந்தார். அவர் வோல்ஃபன்பியூட்டல் நகரின் புகழ்பெற்ற நூல்நிலையத்தை நெடுங்காலம் நடத்தியவர். பலரையும் திரட்டி, இவ்வீடுகளை ஒவ்வொன்றாகச் செப்பனிடத் தொடங்கினார். 1992-ஆம் ஆண்டில் நிறுவனம் மீண்டும் தனியுரிமை பெற்று, அவரையே இயக்குநராகக் கொண்டது. 1995-ஆம் ஆண்டில் அரும்பொருட்கூடம் பழைய வடிவில் திறக்கப்பெற்றது. லிண்டன் முற்றத்தின் அமைதி தானாக நிலைத்திருப்பதன்று. கூரையை மாற்றியும், சட்டத்தைச் சீர்செய்தும், பேழையைத் துடைத்தும் வந்த பலருடைய உழைப்பினால் நிலைத்திருப்பது.

மாணவ நண்பர்களே, ஹாலேக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுள் சிலருக்கே கிட்டலாம். சென்றால், காலைப் பொழுதில் சந்தைச் சதுக்கத்திலிருந்து புறப்படுங்கள். கால்மணி நேரத்தில் முற்றத்தை அடைந்துவிடலாம். அங்கே அரைநாள் தங்குங்கள். செல்ல இயலாதவர் வருந்த வேண்டுவதில்லை. தரங்கம்பாடி நமக்கு அண்மையில் உள்ளது. சென்னையிலும் தஞ்சையிலும் சுவடி நூல்நிலையங்கள் உள்ளன. சில வீடுகளின் பரணிலும் பெட்டியிலும், எவரும் பிரித்துப் பாராத ஏடுகளும் கடிதங்களும் இன்றும் இருத்தல் கூடும். அவற்றில் எழுதியிருப்பது நமக்கு உடன்பாடாக இருக்க வேண்டும் என்பதில்லை. விளங்க வேண்டும் என்பதும் இல்லை. ஈரம் படாமல், பூச்சி அரிக்காமல் வைத்திருந்து, அறிந்தோர் கையில் சேர்த்தல் நம்மால் இயலும். 1713-ஆம் ஆண்டில் ஓர் அடுக்கில் ஒதுக்கி வைக்கப்பெற்ற கையெழுத்து, 290 ஆண்டுகளுக்குப் பின் தன்னைப் படிப்பாரைக் கண்டது. இன்று நாம் எடுத்து வைக்கும் ஏடும் அத்தகைய ஒருவருக்காகக் காத்திருக்கலாம்.